நண்டுவளையின் புது ஆல்பம்

தங்கம் உரசிய தண்ணீரைத் தங்கையின் உதட்டில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள் பூவாயி. காலையில் சொந்த நிலத்து மண்ணையும் கரைத்து ஊற்றியாயிற்று. மண்ணும் வேலைக்காகவில்லை, பொன்னும் வேலைக்காகவில்லை. பூங்கொடிக்கு மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது.

"எதுலயோ ஆச நிக்குது தம்பி. அதான் உசுரு போவமாட்டேங்குது. கட்டிகினவரு, உங்களுக்குத் தெரியாதா?"

ஜெகதீசனுக்கா தெரியாது? சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தார். மாமல்லபுரம் கடற்கரையில் ஒருமுறை பாடக் கேட்டதிலிருந்து, 'நண்டுவளை' என்ற அந்த நாலு பிள்ளைகளின் குழுமேல் பூங்கொடிக்கு அப்படி ஒரு பித்து. கிடாரும் உறுமியுமாக உப்பங்கழியையும் நெத்திலியையும் பாடுகிறவர்கள். கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் ஓட்டும்போது பழைய சினிமாப் பாட்டைத் தவிர எதையும் போடாத ஜெகதீசன், "கத்துறானுங்க" என்று கேலி செய்வார். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த அன்றும் அவள் சொன்னது ஒன்றுதான்: "புது ஆல்பம் வெள்ளிக்கெழம வருதுய்யா. அதக் கேட்டுட்டா போதும்."

இன்று வெள்ளி.

"கீர்த்தனா, அந்தப் பாட்டு வந்துச்சா?"

"காலைலயே வந்துச்சுப்பா. மொத்தம் பத்து. பெரீம்மா திட்டும்னுதான் போடல" என்றாள் மகள்.

"போடு."

பூவாயிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இன்னா தம்பி இது? இந்த நேரத்துல தேவாரம் வெப்பாங்க. நீங்க கூத்தடிக்கிறீங்க!"

"நீங்க மண்ணு குடுத்தீங்க, பொன்னு குடுத்தீங்க. நான் எதுனா கேட்டனா அண்ணி?"

உறுமி மெல்ல எழுந்தது. முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கியதும் பூங்கொடியின் இமை திறந்தது. உதடு அசைந்தது. ஜெகதீசன் குனிந்து காதைக் கொடுத்தார்.

"யோவ்... சவுண்டா வைக்கச் சொல்லு."

"அடப்பாவிங்களா! போற உசுர இட்டாந்துட்டீங்களே!" என்று பூவாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த கீர்த்தனா குபீரென்று சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகிறது. ஜெகதீசனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நேரத்தில் சந்தோஷப்படலாமா என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லாத்தான் பாடுறானுங்க பூங்கொடி."

அவள் விரல் அவர் விரலை அழுத்தியது. இப்போதாவது தெரிந்ததே என்கிற அழுத்தம் அது. பாட்டுக்குப் பாட்டு அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

ஏழாவது பாட்டு பாதியில் இருக்கும்போது அந்தப் பிடி தளர்ந்தது. ஜெகதீசன் கையை எடுக்கவில்லை. பூவாயி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள், கொண்டையை அவிழ்த்தாள், ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள்.

ஜெகதீசன் மற்றக் கையைத் தூக்கினார்.

"இன்னும் மூணு பாட்டு கீது, அண்ணி."

திறந்த வாயை மூடிக்கொண்டு, தலைவிரி கோலமாகவே பூவாயி சுவரோரம் உட்கார்ந்தாள். ஒன்பதாவது பாட்டு வந்தபோது, நீட்டியிருந்த பூவாயியின் கால் கட்டைவிரல் தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.