இருப்பதே தெரியாத பார்டர்

தங்கை பையை நெஞ்சோடு அணைத்தபடி கடை வாசலில் வந்து நின்றாலே தையற்காரிக்குத் தலைவலி ஆரம்பித்துவிடும். அன்றைக்குப் பையிலிருந்து வெளிவந்தது ஒரு பச்சைப் பட்டுப் புடவை. கரையே இல்லாத ஒரே நிறம். அடி ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்து கருகியிருந்தது.

"யாருது?"

"என் ஓரகத்தியோடது."

"கேட்டுட்டு எடுத்தியா?"

தங்கை சுவரில் தொங்கிய நூல்கண்டுகளைப் பார்த்தாள். ஓரகத்தி வெளியூர் போயிருந்தபோது எடுத்து ஆபீஸ் விருந்துக்குக் கட்டியிருக்கிறாள். திருப்பி வைக்குமுன் கசங்கலை எடுக்கப் போய்ச் சுட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தில் ஒரு கல்யாணம். ஓரகத்தி அதைத்தான் கட்டப் போகிறாளாம்.

"சுட்ட இடத்தை மறைச்சு ஒரு பார்டர் வெச்சுக் குடுக்கா."

"பார்டரே இல்லாத புடவைக்குத் திடீர்னு பார்டர் முளைச்சா அவங்க கண்ணுக்குத் தெரியாதா?"

"அதுக்குத்தான் சொல்றேன். பார்டர் இருக்கறதே தெரியாத மாதிரி ஒண்ணு பாத்து வை."

"பாத்துட்டாங்கன்னா?"

"முதல்லயிருந்தே இருக்கு, நீங்கதான் கவனிக்கலைன்னு சொல்லிடுவேன்."

தையற்காரி கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். கையில் இருந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது.

"பேசாம உண்மையைச் சொல்லிடுடி."

"நீ செய்யமாட்டேன்னா சொல்லு, நான் வேற யார்கிட்டயாவது போறேன்" என்று தங்கை மூக்கை உறிஞ்சினாள். வேறு யாரிடமும் போகமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

பச்சை நூலில் பூவேலை செய்த மெல்லிய பார்டரை வைத்துப் பார்த்தார்கள். கருகல் அதற்கு மேலும் கீழும் எட்டிப் பார்த்தது. மறைக்கிற அகலத்தில் இருந்தது ஒன்றுதான்: பொன்னிழையில் கொடி ஓடி, இலைக்கு இலை மணியும் கண்ணாடியும் பதித்தது. தங்கையின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, எவ்வளவு அழகு! இதையே வெச்சுடு."

"தெரியக்கூடாதுன்னியே?"

"அழகா இருந்தா கோவம் வராதுல்ல?"

பட்டு மெல்லியது, பார்டரோ கனம். தைக்கத் தைக்கத் துணி சுருங்கியது. பிரித்தாள், மறுபடி தைத்தாள். மணியில் பட்டு ஊசி முறிந்தது. கடைசியில் மிஷினை விட்டுக் கையாலேயே தைக்க உட்கார்ந்தாள். நடுநடுவே தங்கையின் போன். மேல் ஓரத்துக்கும் வைக்கலாமா, கொடி எந்தப் பக்கம் பார்க்கிறது, ரொம்பப் பளபளக்கிறதா, போதுமான அளவு பளபளக்கிறதா. "போனை வைடி!" என்று கத்திவிட்டுத் தலை நிமிர்ந்தபோது, எதிரே ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குக் கட்டும் ரவிக்கையைக் கொஞ்சம் பிரித்துவிட வந்திருந்தாள். அவள் பார்வை மேசையில் கிடந்த புடவைக்குப் போனது. விரலால் கொடியைத் தடவினாள்.

"என்கிட்டயும் இதே பச்சையில ஒண்ணு இருக்குங்க, மொட்டையா. இந்த பார்டர் என்னமா எடுப்பா இருக்கு! என்னுதுக்கும் இதையே வெச்சுக் குடுங்களேன். வீட்டுக்குப் போய் இப்பவே எடுத்துட்டு வரேன்."

போய்த் தேடுவாள். இருக்காது. வீடே இரண்டாகும். அதற்கும் தங்கை ஒரு கதை வைத்திருப்பாள், அதற்கும் தன்னையே சாட்சிக்குக் கூப்பிடுவாள். தையற்காரிக்கு அலுத்துவிட்டது.

"போக வேண்டாங்க. இது உங்க புடவைதான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஓரகத்தி பார்டரைப் புரட்டி, உள்ளே கருகியிருந்ததைப் பார்த்தாள். முகம் சிவந்தது. தையற்காரி தங்கைக்காக மனதுக்குள் வருந்தக்கூடத் தொடங்கினாள்.

"அவ சின்னவ, பயந்திருப்பா" என்றாள் ஓரகத்தி. "நீங்க விவரம் தெரிஞ்சவங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னைக் கேக்காம என் புடவையில ஊசி வெச்சிருக்கீங்களே!"

தையற்காரி பட்டில் குத்தியிருந்த ஊசியை மெதுவாக உருவி எடுத்தாள்.

"அது போகட்டும். முந்தியை ஏன் விட்டுட்டீங்க? அங்கேயும் வெச்சாதானே எடுப்பா இருக்கும்?"

சாயங்காலம் தங்கை வந்து அழுதாள். "நீ என் கூடப் பொறந்தவதானா? உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஓரகத்தியைச் சுற்றி ஒரே கூட்டம். புடவை ஓரத்தை ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். "இவதான் எனக்குன்னு ஆசையா வெச்சுக் குடுத்தா" என்று அவள் தங்கையின் தோளில் கைபோட்டுச் சொல்ல, தங்கை வெட்கப்பட்டுத் தலைகுனிந்தாள். தையற்காரி பின்வரிசையில், ஊசி குத்திய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் தங்கை ஓடிவந்து காதில் கிசுகிசுத்தாள். "அக்கா, என் நீலப் புடவைக்கும் அதே மாதிரி..."

"இன்னும் ஒரு மாசத்துக்கு என் கடைப்பக்கம் தலைவெச்சும் படுக்காத. சொல்லிட்டேன்."

தங்கை கலகலவென்று சிரித்தாள். அக்கா தமாஷ் செய்கிறாள் என்றுதான் நினைத்தாள்.