கயிற்றில் தொங்கிய பந்து

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கார்த்திகேசுவுக்கு வீட்டில் கால் தரிக்காது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வாரத்தில் ஆறு நாள் திருகாணியும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஒரே நாற்காலியில் கிடப்பவன், ஏழாம் நாள் காலையில் பசியாறிய கையோடு ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிடுவான். பழைய கடைகள், ஆள் காலி செய்கிற வீடுகள், மூடப்போகிற தோட்டத்து ஆபிஸ்கள் என்று அலைவான். தேடியது பழைய விளையாட்டுப் படங்களை. தோட்டத்துக் காற்பந்துக் குழுக்கள், சடுகுடு, கயிறு இழுக்கும் போட்டி, சாக்கு ஓட்டம் எதுவானாலும் சரி, இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் எடுத்ததாக இருக்க வேண்டும்.

“ஊரான் வீட்டுச் செத்தவங்க எல்லாம் நம்ம அலமாரியில இருக்காங்க. என் சேலை பெட்டியில கெடக்குது” என்பாள் அவன் மனைவி கங்கா. அவள் சொன்னதில் பொய் இல்லை.

அவனுக்குப் பந்தை நேராக உதைக்கக்கூட வராது. ஆனால் ஓடுகிறவனை ஒரு நொடியில் நிறுத்திவைத்த படத்தைப் பார்த்தால் போதும், அதற்கு முந்திய நொடியும் பிந்திய நொடியும் தெரிந்தாக வேண்டும் என்று மனசு அரிக்கத் தொடங்கிவிடும். யார் இவன், ஜெயித்தானா, அப்புறம் என்ன ஆனான் என்று கேட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவான். முப்பத்தைந்து வயதாகியும் அந்த அரிப்பு அடங்கவில்லை.

எண்பத்தாறாம் வருடம் பிப்ரவரியில், கோல சிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். முப்பதுகளில் ஒரு ஜப்பான்காரர் நடத்திய கடை. சண்டைக்கு முன்பே அவர் தன் நாட்டுக்குப் போய்விட, ஒரு சீனக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்த வீட்டு மகன், மாடிப்படிக்குக் கீழே கிடந்த மரப்பெட்டி ஒன்றைக் காலால் தள்ளிக் காட்டினான். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடி நெகட்டிவ்கள். பிலிம் சுருள் பரவுவதற்கு முன் இந்தக் கண்ணாடித் தகடுகளில்தான் படம் எடுப்பார்கள். பெரும்பாலானவை கல்யாணப் படங்கள். அடியில் நான்கு தகடுகள் தனியாக இருந்தன. ஒன்றை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கார்த்திகேசு, அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

அந்தப் படத்தை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஜெராமுக்குப் போகிற வழியில் உள்ள பதினோராங் கட்டைத் தோட்டத்தின் விளையாட்டு மன்றத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். 1936இல் தோட்டத்துத் தொழிலாளிகள் வெறுங்காலோடு ஆடி, துரைமார் கிளப்பின் குழுவை ஒன்றுக்குச் சுழியம் என்று வென்ற ஆட்டம் அது. பந்து கோல் கம்பத்துக்கு நடுவில் காற்றில் நிற்கும். வலது காலை வீசிய நிலையில் காளியண்ணன். இரண்டு கையையும் நீட்டிப் பாய்கிற வெள்ளைக்கார கோல் கீப்பர். படத்தில் இருக்கும் காளியண்ணன் எழுபத்து மூன்று வயதில் இன்னும் அதே தோட்டத்தில் இருந்தார். தீபாவளிக் கூட்டமானாலும் திருவிழாவானாலும் முதல் மாலை அவருக்குத்தான்.

ஜூன் மாதம் மன்றத்துக்குப் பொன்விழா. செயலாளர் தங்கராஜு, விழா மலருக்காக அந்தப் படத்தைச் சுத்தமாக்கித் தரும்படியும் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படியும் கார்த்திகேசுவிடம் முன்பே சொல்லியிருந்தார். இப்போது மூலத் தகடே கையில். பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னான். ஜன்னல் ஓரம் தகட்டை நிறுத்தி பூதக்கண்ணாடியை வைத்தான். படம் வெகு துல்லியம். துல்லியம்தான் அவனை முதலில் உறுத்தியது. அந்தக் காலத்துத் தகட்டுக்கு இவ்வளவு வேகமான ஆட்டத்தைப் பிடிக்கத் தெம்பு கிடையாது. ஓடுகிற கால் புகையாகத்தான் விழும். பிறகு நிழலைப் பார்த்தான். ஆட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். படத்தில் நிழல்கள் காலடியிலேயே சுருண்டு கிடந்தன, உச்சிவெயில் மாதிரி. கோல் கீப்பர் விழுகிற இடத்தில், புல்லுக்கு மேல் சாக்குகள் அடுக்கியிருந்தன. கடைசியாக பந்து. பந்திலிருந்து மேலே, கோல் கம்பத்தின் குறுக்குக் கட்டை வரைக்கும் மயிரிழை போல ஒரு கோடு.

பந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மன்றத்தில் மாட்டியிருந்த காகிதப் படத்தில் அந்தக் கோட்டை யாரோ தூரிகையால் அழித்திருக்கிறார்கள்.

மற்ற மூன்று தகடுகளில் இரண்டு பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. மூன்றாவது அசல் ஆட்டம். மேகம் மூடிய சாயங்காலம். பின்னால் நிற்கிற ஜனங்களின் முகம்கூடத் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் எல்லாம் கலங்கிப் போயிருந்தார்கள். பந்து ஒரு வெள்ளைக் கீறல். அதை உதைத்தவனுக்கு ஊன்றிய இடது கால் மட்டும் தெளிவாக இருந்தது. இடுப்புக்கு மேலே புகை, தலை இருந்த இடத்தில் இரண்டு தலை. தூரத்தில், பின்காப்பு ஆட்டக்காரர் நிற்கிற இடத்தில், இடுப்பில் கை வைத்து அசையாமல் ஒருவர் நின்றிருந்தார். அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. காளியண்ணன்.

குளியலறையை இருட்டாக்கி இரண்டு படத்தையும் காகிதத்தில் அச்செடுத்தான். அந்த வாரம் முழுக்க தொழிற்சாலையில் கேட்டது ஒன்று, எடுத்துக் கொடுத்தது ஒன்று. எப்போது ஞாயிறு வரும் என்று இருந்தது. வந்தால் அந்தப் பெரியவரிடம் என்னவென்று கேட்பது என்றும் இருந்தது.

காளியண்ணன் லயத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கார்த்திகேசு முதலில் தொங்குகிற பந்தைக் காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கலங்கிய படத்தைக் கொடுத்தான்.

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இதுல பின்னால நிக்கிறது நீங்கதானே?”

அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். உள்ளேயிருந்து அவர் மனைவி சின்னத்தாய் வந்தாள். புருஷன் கையிலிருந்து படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“உதைக்கிறவன் செல்லன்தானே.”

“மூஞ்சியே இல்ல. எப்படிம்மா சொல்றீங்க?”

“எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. கோல் போஸ்டு பக்கத்துலதான் நின்னேன். எடது காலை இப்படி வெளிப்பக்கமாத் திருப்பி ஊன்றது அவன் ஒருத்தன்தான்.” படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “ஊருக்கே தெரியும். தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா போய்ச் சேந்துட்டாங்க.”

காளியண்ணன் தொண்டையைச் செருமினார். “அன்னைக்கி வந்த ஜப்பான்காரன் எடுத்தது ஒண்ணும் சரியா விழல. துரை மறுநாள் மத்தியானம் எல்லாரையும் திடலுக்குக் கூப்பிட்டாரு. செல்லனுக்குப் புல்லு வெட்டுற வேலை. வேலை வாங்குற மண்டோர் விடமாட்டேன்னுட்டாரு. மண்டோர் எனக்குத் தாய்மாமன். நீ போய் நில்லுடான்னாரு. நின்னேன்.”

“அப்புறம் யாருமே கேக்கலையா?”

“படம் மாட்டுனப்ப செல்லன் வந்து பாத்தான். சிரிச்சான். போடா, பந்து கட்டிப்போட்ட ஆடு மாதிரி இருக்குன்னான். அவ்வளவுதான். அவனுக்கு அது பெருசாப் படல.” கொஞ்சம் நிறுத்தினார். “ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க, ரயில் ரோடு போட. திரும்பல. நான் ரப்பர் காட்டுல ஒளிஞ்சிக்கிட்டேன். அதுக்கப்புறம் வந்த பிள்ளைங்க படத்தைப் பாத்துட்டு, தாத்தா நீங்களான்னு கேட்டுச்சிங்க. நான் இல்லன்னு சொல்லல.”

செல்லனுக்கு ஒரு மகள் இருப்பதாகச் சின்னத்தாய்தான் சொன்னாள். பெயர் அமராவதி. சுங்கை செம்பிலாங்கில், கடலோரம், ஒரு சீனர் வைத்திருக்கிற இறால் காயப்போடும் கொட்டகையில் வேலை.

கார்த்திகேசு உடனே எழுந்தான். காளியண்ணன் வரவில்லை. “நீங்க போய்ட்டு வாங்க தம்பி” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

ஜெராம் கடைத்தெரு வரைக்கும் போனவன் வண்டியை நிறுத்திவிட்டான். போய் என்ன சொல்வது? உங்கள் அப்பா அடித்த கோலை இன்னொருவர் பெயரில் ஐம்பது வருடம் மாட்டிவைத்திருக்கிறார்கள் என்றா? இதைக் கிளறியது யாருக்காக, செல்லனுக்காகவா தன் அரிப்புக்காகவா என்று அவனுக்கே தெரியவில்லை. திரும்பிப் போய்த் தங்கராஜுவைப் பார்த்தான். தங்கராஜு படங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“அட்டையில அந்தப் படம்தான்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு லா. பெரியவர மேடையில ஏத்தி பொன்னாடை போத்தப் போறோம். இப்ப வந்து பந்து கயிறுல தொங்குதுன்னா எப்படி? அந்த மனுசன் செத்தே போயிடுவாரு.”

“உள்ள ஒரு பக்கம் எனக்குக் குடுத்திருக்கீங்களே, சார். நான் என்ன எழுதுறது?”

“எப்பவும் எழுதுறத எழுதுங்க.”

அடுத்த வாரம் அவன் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். மூன்று தாள் கிழித்தான். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, வீட்டு வாசலில் காளியண்ணன் உட்கார்ந்து கங்கா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். பதினோராங் கட்டையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார்.

“நாளைக்கு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போவோம். நானும் வரேன்” என்றார்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் பின்னால் பாயில் இறாலைப் பரப்பிக்கொண்டிருந்தாள் அமராவதி. நாற்பத்தாறு வயது. உப்புக் காற்றில் முகம் கறுத்து இறுகியிருந்தது. வந்தவர்களை உட்காரச் சொன்னாள். வேலையை நிறுத்தவில்லை.

“உங்க அப்பாவப் பத்திப் பேச வந்தோம்க்கா” என்றான் கார்த்திகேசு.

“எனக்கு மூணு வயசுல போனாரு. ஞாபகம் ஒண்ணும் இல்ல. ஒரு படம்கூட இல்ல.”

காளியண்ணன் எழுந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினார். “இங்க நான் நின்னேன்மா. பின்னால. உங்கப்பன் அங்க, அந்தத் தென்னைகிட்ட. எங்கிட்டருந்து பந்து போச்சு, அது நெசம். உங்கப்பன் ஒருத்தனத் தாண்டுனான், ரெண்டாவது துரை பூட்ஸால முழங்கால்ல ஒதைச்சான். விழல. எடது காலை இப்படித் திருப்பி ஊனுனான்.” ஊன்றிக் காட்டப் போனவர் தடுமாறினார். கார்த்திகேசு பிடித்துக்கொண்டான். “அப்புறம் பந்து போனது யாருக்கும் தெரியல. வலை ஆடுனதுதான் தெரிஞ்சுது.”

பிறகு படத்தில் தான் நின்ற கதையையும் சொன்னார். மாமன் பெயரை நடுவில் கொண்டுவராமல், நான் போய் நின்றேன் என்றே சொன்னார். அமராவதியின் கை இறாலின் மேல் நின்றுவிட்டது.

“அம்பது வருசமா ஏன் சொல்லல?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதனால் அந்தக் கேள்வி இன்னும் கனமாக இருந்தது.

காளியண்ணன் காலில் ஒட்டிய மணலைப் பார்த்தார். “நல்லா இருந்துச்சும்மா” என்றார் கடைசியில். “எல்லாரும் கும்பிட்டாங்க. நல்லா இருந்துச்சு.”

கொட்டகைக்கு அப்பால் ஒரு படகு இன்ஜின் இருமிவிட்டு நின்றது. அமராவதி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கினாள். புகையான உடம்பையும் இரண்டாகக் கலைந்த தலையையும் விட்டுவிட்டு, ஊன்றிய காலிலேயே பார்வை நின்றது. தன் பாதத்தை ஒருமுறை குனிந்து பார்த்தாள். அது வெளிப்பக்கம் திரும்பித்தான் இருந்தது.

“இது அன்னைக்கி எடுத்ததா?”

“இந்தக் காகிதம் நான் ரெண்டு வாரத்துக்கு முன்னால போட்டது. அன்னைக்கி கேமராவுக்குள்ள இருந்தது இந்தக் கண்ணாடி.” பையைத் திறந்து தகட்டைக் காட்டினான்.

“அப்ப எனக்கு அதைக் குடுங்க.”

கார்த்திகேசு பதினான்கு வருடமாகச் சேர்க்கிறான். ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. இங்கே உப்புக் காற்று, ஈரம், மூன்று வருடத்தில் படலம் உரிந்துவிடும் என்று சொல்ல நினைத்தான். பத்திரமாக நானே வைத்துக்கொள்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று சொல்லவும் வார்த்தை தயாராக இருந்தது. அவள் கை நீட்டியபடியே நின்றாள். கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகு கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

“வெயில் படாம, காஞ்ச எடமாப் பாத்து வைங்க” என்று மட்டும் சொன்னான்.

அவள் அதை ஒரு துண்டில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுபோனாள். திரும்பி வந்து, போகிறவர்களிடம் ஒரு பொட்டலம் காய்ந்த இறாலைக் கொடுத்தாள். காளியண்ணனுக்குத் தனியாக ஒன்று. அவர் வாங்கத் தயங்கினார். கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

திரும்பும் வழியில் காளியண்ணன் நேரே தங்கராஜு வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். அங்கே என்ன பேசினார்கள் என்று கார்த்திகேசுவுக்குத் தெரியாது, அவனை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டார். அரைமணி கழித்துத் தங்கராஜு வாசலுக்கு வந்து, “உள் பக்கத்துல அந்தக் கலங்கலான படத்தப் போடுங்க. கீழ என்ன எழுதணும்னு அவரு சொல்றாரு” என்றார்.

பொன்விழா அன்று திடல் முழுக்கக் கூட்டம். மலரின் அட்டையில் தொங்குகிற பந்து இருந்தது, கயிறு இல்லாமல். ஏழாம் பக்கத்தில் மற்றப் படம். கீழே இரண்டு வரி: 1936ஆம் ஆண்டு செல்லன் அடித்த கோல். பின்னால் நிற்பவர் காளியண்ணன்.

மேடைக்குக் கூப்பிட்டபோது காளியண்ணன் போகவில்லை. மூன்றாவது வரிசையில் சின்னத்தாய் பக்கத்தில் உட்கார்ந்தபடி கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். சிலருக்கு அது மனத்தாங்கல். பலர் ஏழாம் பக்கத்தைக் கவனிக்கவே இல்லை. மன்றத்தில் இப்போது பந்தாடுகிற பாலன் மட்டும் மலரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தான்.

“தாத்தா, பிரிண்டிங்ல சொதப்பிட்டாங்க பாருங்க. ஆளே தெரியல.”

காளியண்ணன் மலரை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

“அச்சுல ஒண்ணும் கோளாறு இல்ல தம்பி” என்றார். “அவன் அவ்வளவு வேகமா ஓடுனான்.”