டனலுக்குள் பதினோரு விநாடி

கட்டிலை விட்டு இறங்கி ஊசியக்கா முதல் காலை வைத்த இடமே ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பு இன்னும் ஆறவில்லை. அதாவது, செய்தவன் இப்போதுதான் செய்துவிட்டுப் போயிருக்கிறான், அதுவும் அவள் கால் எங்கே விழும் என்று இடம் பார்த்து. குனிந்து கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். இரண்டு கண்களும் ஒரு வாலும் தெரிந்தன. ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டவனாட்டம் வால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வர வேண்டிய நேரம், சிரிப்புதான் வந்தது. அண்ணி எழுவதற்குள் துடைத்துவிட வேண்டுமே என்ற பயமும் கூடவே வந்தது.

ஊசியக்கா என்பது தெருப்பிள்ளைகள் வைத்த பெயர். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பகலெல்லாம் ஊரார் சிறுநீரைக் குப்பியில் வாங்கிச் சோதிக்கிறாள், வீட்டுக்கு வந்தால் நாய் மூத்திரத்தைத் துணியில் ஒற்றிப் பிழிகிறாள். "உனக்கு லீவே கிடையாதா பாப்பா?" என்று அண்ணன்கூட நாய் வந்த முதல் வாரத்தில் சிரித்தான். இரண்டாவது வாரத்தில் சிரிப்பு நின்றுபோனது.

புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அண்ணனும் கெட்டவனில்லை, அண்ணியும் கெட்டவளில்லை. போ என்று ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் அவள் பார்த்துப் பார்த்து இருந்தாள். குடித்த டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் சத்தம் கேட்காது. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவள் இருந்த இடத்தில் ஒரு முடி கிடக்காது. இப்படி இருக்கையில்தான் மருத்துவமனைக் குப்பைக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி அவள் பின்னோடு நடந்து வந்தது. சேட்டையைப் பார்த்து வாலு என்று பெயர் வைத்தாள்.

வாலு அவளுக்கு நேரெதிர். அவள் கேட்டைத் தொட்டாலே போதும், கூடத்தில் உருண்டு புரண்டு, குரைத்து, சந்தோஷம் தாங்காமல் அங்கேயே இரண்டு சொட்டு விட்டுவிடுவான். சாப்பாடு வைத்தால் தட்டில் சாப்பிட மாட்டான். ஒவ்வொரு வாயாகக் கவ்வி வந்து அவள் பாதத்தின் மேல் போட்டுப் பிறகுதான் தின்பான். அவள் இந்த வீட்டுக்குள் நுழைவதை ஊருக்கே தண்டோரா போடுகிற ஜீவன் அது ஒன்றுதான். அதற்காகவே அவள் அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

மற்றபடி அவனைப் பழக்க அவள் செய்யாததில்லை. நேரத்துக்குச் சோறு, சோறு ஆன கால் மணி நேரத்தில் தோட்டம், வெளியே போனால் ஒரு துண்டு கோழி, உள்ளே போனால் ஏச்சுமில்லை பேச்சுமில்லை. எல்லாம் புத்தகப்படி. வாலு தோட்டத்தில் அரைமணி நேரம் வண்ணத்துப்பூச்சி பார்ப்பான், உள்ளே வந்து கம்பளத்தில் காரியத்தை முடிப்பான். நாயைப் பற்றி இருக்கிற பழமொழி அத்தனையையும் அண்ணி அந்த மூன்று வாரத்தில் சொல்லித் தீர்த்துவிட்டாள். குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பது, வாலை நிமிர்த்துவது, ஒன்று பாக்கியில்லை. கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம் பாப்பா. அப்புறம் தோட்டம் தொரவு இருக்கறவங்க யாருக்காவது குடுத்துடலாம்."

"சரிண்ணா" என்றாள் அவள். சரி என்பதைத் தவிர வேறு வார்த்தையை அந்த வீட்டில் அவள் சொல்லி நாளாகிவிட்டது.

ஆய்வகத்தில் யாரோ சொல்லித்தான் நாய் பழக்குகிற மாஸ்டரிடம் போனாள். மூடிக்கிடந்த பெயின்ட் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மைதானம், ஞாயிறு காலையில் ஏழெட்டு நாய்கள், அவற்றின் பின்னால் மூச்சிரைக்க ஏழெட்டு மனிதர்கள். தாண்ட வேண்டிய குறுக்குக்கம்பிகள், நெளிந்து நெளிந்து ஓட வேண்டிய குச்சிகள், ஏறி இறங்க ஒரு பலகை. மாஸ்டர் கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம் எப்போதும் தொங்கும். முழங்கால் வலிக்காரர், நாற்காலியை விட்டு எழுவதில்லை.

"வீட்டுக்குள்ள போறது திமிர் இல்லம்மா, பயம்" என்றார். "ஒரு வேலையைக் கத்துக்கட்டும். தைரியம் வந்துடுச்சுன்னா மத்ததெல்லாம் தானா வரும்."

முதல் நாள் வாலு கம்பிகளைத் தட்டிவிட்டான், பலகையில் ஏறிப் படுத்துக்கொண்டான், மூன்றாவது குச்சியில் காலைத் தூக்கினான். அவள் ஓடி ஓடி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். கடைசியாக டனல். இரும்பு வளையங்களில் நீலத்துணி மாட்டிய ஐந்து மீட்டர் குழாய். நடுவில் வளைத்துப் போட்டிருந்ததால் ஒரு வாயிலிருந்து பார்த்தால் மறுவாய் தெரியாது. அவள் மறுபக்கம் போய்க் குந்தி, கையில் கோழித்துண்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். வாலு உள்ளே புகுந்தான். நகங்கள் துணியில் சரசரவென்று வளைவு வரைக்கும் வந்தன. அங்கே நின்றன.

துணி அசையவில்லை. மூச்சிரைப்புகூடக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு அவன் வெளியே வந்தான். ஓடி வரவில்லை, நடந்து வந்தான். அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். உட்காரச் சொல்லி யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே இல்லை. கோழித்துண்டை அவள் விரலில் பல் படாமல் வாங்கிக்கொண்டான்.

"நாலு விநாடி வேலை" என்றார் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து. "பதினொண்ணு எடுத்துக்கிட்டான். உள்ள உக்காந்து யோசிச்சான் போல." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் வாலு தோட்டக் கதவருகே போய் ஒரு தடவை பிறாண்டினான். திறந்துவிட்டாள். சுவரோரக் கல்லருகே காரியத்தை முடித்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. அண்ணி கம்பளத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். ஊசியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வகத்தில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில், புதன்கிழமை வேலை முடிந்து வந்து கேட்டைத் தொட்டபோதுதான் முதன்முதலாகக் கவனித்தாள். உள்ளே சத்தமில்லை. கதவைத் திறந்தால் வாலு பாயில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தான். வாலை இரண்டு தடவை தட்டினான், நிறுத்திக்கொண்டான். விருந்தாளி வந்தால் மரியாதைக்கு நிமிர்ந்து உட்காருவார்களே, அந்த மாதிரி. அவள் பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். சோறு வைத்தபோது, சாப்பிடு என்று அவள் சொல்லும் வரைக்கும் காத்திருந்து, தட்டிலேயே, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டான். அவள் தன் பாதத்தை மெதுவாகத் தட்டின் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். அவன் மரியாதையாகத் தள்ளி நின்றுகொண்டான்.

அவள் தொழிலில் பெரிய பயம், ஒருவருடைய ரத்த மாதிரி இன்னொருவருடையதோடு மாறிப்போவதுதான். குப்பியில் ஒட்டிய சீட்டு சரியாக இருக்கும், பெயர் சரி, வயது சரி, உள்ளே இருப்பது வேறு யாருடைய ரத்தமோவாக இருக்கும். பதினாலு வருடத்தில் அப்படி மூன்று முறை கண்டுபிடித்திருக்கிறாள். மூன்று முறையும் கருவி சொல்வதற்கு முன்பே வயிறு அவளிடம் சொல்லியிருந்தது. இப்போது அதே வயிறு சொல்லியது. வாலுவைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். வேலிக்கம்பி கிழித்த தழும்பு இருந்தது. பின்னங்காலில் உடைந்த நகம் இருந்தது. எடையும் அதே எடை. சீட்டில் ஒரு பிழையும் இல்லை. புரட்டிய நேரமெல்லாம் அவன் அவள் முகத்தையே பொறுமையாகப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வாலுவாக இருந்தால் இதற்குள் அவள் கையைக் கவ்வியிருப்பான்.

இரண்டாவது ஞாயிறு டனலுக்குள் அவனைப் பத்து முறை அனுப்பினாள். பத்து முறையும் சரியாக நாலு விநாடி. கூடவுமில்லை, குறையவுமில்லை. மாஸ்டர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் அண்ணி அவனுக்குப் புதுப் பாய் வாங்கிப் போட்டாள். அண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டே காலால் அவன் முதுகைத் தடவினான். "இப்படி இருந்தா யாரு வேணாம்னு சொல்லப்போறா? இனிமே இவன் இங்கயே இருக்கட்டும் பாப்பா" என்றான். பிறகு, பாராட்டாகத்தான், மனசார, "உன்ன மாதிரியே ஆயிட்டான். வீட்டுல இருக்கறதே தெரியல" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் இரண்டு நாள் மென்றாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அவன் வழக்கமாகப் போகும் கல்லருகே, வழக்கமான நேரத்தில், அவன் மூத்திரத்தை ஒரு குப்பியில் பிடித்தாள். அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் யாருமறியாமல் ஊரார் குப்பிகளோடு வரிசையில் வைத்துவிட்டாள். சோதனைப் பட்டையை முக்கினால் ஒரு நிறமும் மாறவில்லை. நுண்ணோக்கியில் ஒன்றுமே இல்லை. உப்பில்லை, அழுக்கில்லை, செத்த செல் ஒன்றில்லை. ஆய்வகத் தலைவி டாக்டரம்மா அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"யாரும்மா குழாய்த் தண்ணிய கொண்டுவந்து வச்சது? குழாய்த் தண்ணியிலகூட ஏதாவது இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. உயிரோட இருக்கற எதுவும் இப்படிப் போகாது."

"தெரியல டாக்டர்" என்றாள் ஊசியக்கா.

வெள்ளியும் சனியும் அவளுக்கு மத்தளத்துக்கு இருபுறமும் இடிதான். வாலு இன்னும் அந்த வளைவில்தான் இருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவனைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தால் மாதக் கடைசியில் யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். கூடவே அண்ணனின் முகமும் மாறும். விட்டுவிட்டால், எல்லோருக்கும் பிடித்த ஒரு நாய் பாயில் உட்கார்ந்திருக்கும், வீடு அமைதியாக இருக்கும், ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் கிடையாது. நஷ்டமே இல்லாத அந்த வீட்டை நினைத்தபோது அவளுக்கு அங்கே திரும்பிப் போகவே பயமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டாள். வெயில் அப்போதுதான் தொழிற்சாலைச் சுவரைத் தாண்டியிருந்தது. மைதானத்தில் ஒருவருமில்லை. முளையடித்துக் கட்டியிருந்ததால் டனல் போன வாரம் கிடந்தபடியே கிடந்தது. கூட்டி வந்த நாயிடம், உட்கார் என்றாள். அது உட்கார்ந்தது. அவள் டனலின் வாயில் மண்டியிட்டு, "வாலு" என்றாள்.

ஒன்றுமில்லை.

"டேய் வாலு."

உள்ளே, வளைவருகே, துணி ஒரு தடவை துடித்தது. பிறகு விடாமல் துடித்தது. தப் தப் தப் என்று அவள் கட்டிலுக்கு அடியில் முன்பு தினமும் கேட்ட சத்தம். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "வாடா" என்றாள். அவன் வரவில்லை. கூப்பிட்டு ஒரு நாளாவது வந்திருந்தால்தானே இப்போது வருவான். நாம்தான் போக வேண்டும். திரும்பிப் பார்த்தாள். மற்றது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அவள் அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்பது தெரிந்த முகத்தோடு, தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டது. அவள் உள்ளே ஊர்ந்தாள்.

உள்ளே எல்லாம் நீலமாக இருந்தது. வளையங்கள் முதுகில் இடித்தன. ஐந்து மீட்டரில் பாதி எவ்வளவு தூரம்? அவளுக்கு அது மருத்துவமனை நடைபாதை நீளத்துக்கு இருந்தது. வளைவில் திரும்பியதும் ஏதோ ஒன்று அவள் மார்பில் வந்து மோதியது. முகமெல்லாம் நாக்கு, காதெல்லாம் பல், அவள் மேலே ஏறி, இறங்கி, சுழன்று, மறுபடி ஏறி, கடைசியில் சந்தோஷம் தாங்காமல் அவள் மடியிலேயே சூடாகப் போய்விட்டான். நாற்றமென்றால் நாற்றம், நிஜமான நாற்றம். ஊசியக்கா சிரித்தாள். வாயைப் பொத்தக் கை ஒழியவில்லை, இரண்டு கையிலும் நாய் இருந்தது. இரண்டு வருடமாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்து டனல் முழுக்க முட்டியது. அவளுக்கே தன் சத்தம் புதிதாக இருந்தது.

அப்போது வெளியே மாஸ்டரின் குரல் கேட்டது.

"வாங்கம்மா. இன்னிக்கு என்ன, எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளியே பதில் வந்துவிட்டது.

"ஆமா மாஸ்டர். வீட்டு வேலை சீக்கிரம் முடிஞ்சுது."

மெல்லிய குரல். யாருக்கும் தொந்தரவு தராத குரல். அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சரிண்ணா என்று சொல்கிற அவளுடைய குரல்.

"டனலுக்குள்ள யாரோ சிரிச்ச மாதிரி இருந்துதே?"

"இல்லையே மாஸ்டர்" என்றது குரல். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

காலைவெயில் நீலத்துணியின் மேல் சாய்வாக அடித்தது. துணிக்கு அப்பால் இரண்டு நிழல்கள் நகர்ந்தன. ஒரு பெண்ணின் நிழல், அவள் இடது முழங்காலை ஒட்டி ஒரு நாயின் நிழல். காலுக்குக் கால் தப்பாமல் இரண்டும் டனலின் ஓரமாகவே நடந்தன. ஊசியக்கா முழுத் தொண்டையையும் திறந்து கத்தினாள். வாலுவும் சேர்ந்துகொண்டு குரைத்தான், உடம்பே அதிர, வளையங்கள் கிணுகிணுக்க. நாயின் நிழல் மட்டும் ஒரு கணம் காதை நிமிர்த்தியது. பெண்ணின் நிழல் குனிந்து அதன் தலையைத் தடவியது. இரண்டும் துணியின் ஓரம் வரைக்கும் போய், ஓரத்தைத் தாண்டிப் போயின.