காஞ்சனா மாட்டிய பின்சக்கரம்

காணும் பொங்கலன்று தறிகளுக்கும் லீவு. சத்தம் எதுவும் இல்லாததால் காஞ்சனா தன் தம்பியைத் திட்டியது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"சைக்கிளக் குடுக்கத் தெரிஞ்சவனுக்குச் சக்கரத்த மாட்டிக் குடுக்கத் தெரியாதா?"

தம்பி கௌதமனுக்குச் சென்னையில் வேலை. மின்சார ரயில் கூட்டத்தில் ஏற்றுவதற்காகப் பின்சக்கரத்தைக் கழற்றியவன், திருத்தணிக்கு வந்ததும் சைக்கிளையும் சக்கரத்தையும் தனித்தனியாக அக்கா வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, மணவூரில் சினேகிதனைப் பார்க்கப் போய்விட்டான். நாலு மணிக்குப் பெண்களுக்கான ஸ்லோ சைக்கிள் ரேஸ். காலை ஊன்றாமல் கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவளுக்குத்தான் பரிசு. இப்போதே மூன்றே கால்.

மூன்று வருடமாக அந்த ரேஸில் கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக நின்று, எதிர்வீட்டு மோகனப்ரியாவிடம் தோற்றவள் காஞ்சனா. மூன்று தடவையும் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து காலை ஊன்றிவிட்டாள். மைக் பிடிக்கும் குணசேகரன் சும்மா இருந்திருக்கலாம். "ஊனிட்டாங்க! காஞ்சனா காலை ஊனிட்டாங்க!" என்று அவர் கத்திய கத்தலில், பால் பூத் முதல் ரேஷன் கடை வரை அவள் 'கால் ஊனி காஞ்சனா' ஆகிவிட்டாள். கூப்பிடும்போது அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை 'ணங்' என்று வைப்பாள். முப்பத்தாறு வயதில் இரண்டு தறி ஓட்டுகிறவளுக்கு இப்படி ஒரு பேர் தேவையா?

இந்த வருடம் அந்தப் பேரை ஒழித்தே தீருவது என்றுதான் தம்பியின் சைக்கிளைக் கேட்டிருந்தாள். அது ஃபிக்ஸட் கியர். பிரேக் கிடையாது, பெடலும் பின்சக்கரமும் ஒன்றைவிட்டு ஒன்று சுற்றாது. பின்னால் மிதித்தால் சக்கரமும் பின்னால் உருளும். முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே ஒரே இடத்தில் நிற்கலாம். தீபாவளிக்குச் சென்னைக்குப் போயிருந்த பத்து நாளும் தம்பி வீட்டு மொட்டை மாடியில் விழுந்து எழுந்து அந்த வித்தையைக் கற்றிருந்தாள். முட்டித் தழும்பு இன்னும் மறையவில்லை.

கணவன் ராஜவேலு தறி ரிப்பேர் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்தான். காஞ்சனா செயினைப் பல்சக்கரத்தில் ஏற்றி, அச்சைப் பின்பக்கக் காடிப் பள்ளத்தில் நுழைத்தாள்.

"நல்லா பின்னால இழு மே. பெல்ட்டு தொங்கினா தறி ஓடுமா?"

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து சக்கரத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்து நட்டை முடுக்கினார்கள். செயின் விறைத்து நின்றது. ராஜவேலு அதைச் சுண்டிப் பார்த்துத் தலையாட்டினான். காஞ்சனா பெடலைச் சுற்றினாள். கர்ரென்று முனகிய சக்கரம், அரைச் சுற்றில் அடம்பிடித்து நின்றது.

காஞ்சனா தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, பாவா கைல ஸ்பானரக் குடுத்தியா?"

"ஆங்."

"முதல்ல அத வாங்கு. செயின் தறி பெல்ட்டு இல்லக்கா. பெடலச் சுத்திகினே வா. எங்க ரொம்ப இறுக்கமா இருக்குதோ அங்க நிறுத்தி, நடுவுல விரலால அமுக்கு. அரை இஞ்ச் இறங்கணும். அதுக்கு மேல இறங்கினா செயின் கழண்டுக்கும். ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி முடுக்கு. ஒரே பக்கமா முடுக்கினா சக்கரம் கோணிக்கும்."

"பதினெட்டு வருஷமா பெல்ட்டு மாட்றேன்," என்று ராஜவேலு முணுமுணுத்தான்.

"மாட்டுங்க, தறில," என்றாள் காஞ்சனா.

நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை ஒரு நூல் முன்னால் விட்டாள். டயருக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை விட்டு இடைவெளி பார்த்தாள். வலது நட்டுக்குக் கால் திருப்பு, இடதுக்குக் கால் திருப்பு. செயினை அமுக்கினாள். அரை இஞ்ச். கடைசி முடுக்குக்கு மட்டும் ராஜவேலுவின் கையையும் சேர்த்துக்கொண்டாள். அவனுக்கும் மனம் ஆற வேண்டுமே. பெடலைத் தட்டியதும் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. காஞ்சனா அவன் முதுகில் செல்லமாக ஒரு அடி வைத்துவிட்டுச் சைக்கிளோடு ஓடினாள்.

ஆறு பேர் கிளம்பினார்கள். நாலு பேர் பாதியிலேயே காலை ஊன்றிவிட்டார்கள். மோகனப்ரியா வழக்கம்போல ஹேண்டிலை ஆட்டி ஆட்டி ஊர்ந்துகொண்டிருந்தாள். காஞ்சனா கோட்டுக்கு நாலு முழம் இருக்கும்போது நின்றாள். பெடல் ஒரு விரற்கடை முன்னால், ஒரு விரற்கடை பின்னால். சக்கரம் இம்மியும் நழுவவில்லை. அவள் முடுக்கிய நட்டு, அவள் சொன்னதைக் கேட்டது.

"இன்னாடி, ஆணி அடிச்சு வச்சாப்ல நிக்கிற?" என்று திரும்பிப் பார்த்த மோகனப்ரியா தடுமாறி, காலை ஊன்றி, தன் கதியை நினைத்துத் தானே சிரித்தாள்.

தெரு விசிலடித்தது. காஞ்சனா மட்டும் இறங்கவில்லை. நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சந்தோஷத்தில் முகமெல்லாம் பல்.

"நீதாம்மா ஜெயிச்ச," என்றார் குணசேகரன் பக்கத்தில் வந்து. "அடுத்து உறியடி இருக்குது. ஜனம் காத்துகினு இருக்குது. தயவு செஞ்சு காலை ஊனும்மா."

"மைக்குல சொல்லுங்கண்ணா," என்றாள் காஞ்சனா.

"காஞ்சனா ஜெயிச்சிட்டாங்க! தயவு செஞ்சு காலை ஊனும்மா!" என்று அவர் மைக்கில் சொன்னார்.