மஞ்சள் சேலையில் வெள்ளை ஈ

என் மனைவி ஜெயமலர் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அதிலும் நான் சொன்னால் சுத்தமாகக் கேட்கமாட்டாள். 2006 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. குடும்ப நண்பர் தியாகராசா அண்ணையின் மகள் வயதுக்கு வந்ததற்குச் சாமத்தியவீடு. போகிற வழியில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் எங்கள் மகள் சுபானியையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

சுபானி அங்கே பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தாள். வெள்ளை ஈ மொய்த்துச் சாறு உறிஞ்சினால் பீன்ஸ் என்கிற போஞ்சிச் செடி பாழாகிவிடும். மருந்து அடிக்காமலே அந்த ஈயை அண்டவிடாத போஞ்சி இனம் ஒன்று இருக்கிறது என்று எங்கள் பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். நாலு இனங்களை ஒரே வலைக்கூண்டில் வைத்து ஈக்களை விட்டபோது, ஒன்றில் மட்டும் ஈ உட்காரவில்லை. பேராசிரியர் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட்டார். இன்னொருமுறை செய்து காட்டினால்தான் ஆய்வு தேறும். அந்த இன்னொருமுறைதான் அன்று நடந்துகொண்டிருந்தது. கெட்டுப்போனால், புது ஈ வளர்த்தெடுக்கத் தவணைக்குள் நேரமில்லை.

"அம்மாவைக் காரிலேயே இருக்கச் சொல்லுங்கோ" என்று பிள்ளை போனில் படித்துப் படித்துச் சொன்னாள். ஜெயமலர் எங்கே கேட்டாள்? "நேரம் போகுது" என்று முணுமுணுத்தபடி, மஞ்சள் பட்டுச்சேலையோடு செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் விறுவிறுவென்று போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

சுபானி தண்ணீர் ஊற்றக் கூண்டைத் திறந்திருந்தாள். உள்ளே இருந்த ஈயெல்லாம் கிளம்பி வந்து சேலையில் அப்பிக்கொண்டன. அரிசி மாவைக் கொட்டியது போல இருந்தது. நான் தட்டக் கையை ஓங்கினேன்.

"தட்டாதேங்கோ அப்பா. மஞ்சளைக் கண்டால் இதுகள் விடாது. ஒண்டும் சாகக்கூடாது" என்றாள் சுபானி.

"உமக்கு இப்ப திருப்தியோ?" என்று ஜெயமலர்மேல் பாய்ந்தேன்.

அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஈ உயிரோடதானே இருக்கு பிள்ளை. திரும்ப உள்ளுக்கு விட்டால் என்ன?"

சுபானி கொஞ்சம் யோசித்தாள். பிறகு கூண்டுக்குள் இருந்த செடிச் சாடிகளை மளமளவென்று இடம் மாற்றினாள். "அந்தச் செடி நிண்ட இடத்தில வெளிச்சம் பட்டதாலதான் ஈ வரேல்லை எண்டு இனிப் பேராசிரியர் சாட்டுச் சொல்ல ஏலாது."

நான் வாசலில் காவல் நின்றேன். ஜெயமலர் கூண்டோரம் நின்று சேலையை மெதுவாக அவிழ்த்து உள்ளே விட்டாள். கடைசி ஈயும் போகும்வரை சுபானி துணியைச் சுண்டி, பிறகு சேலையை வெளியே எடுத்துக் கூண்டை மூடினாள். என் மனைவி ஆய்வுகூடத்து வெள்ளைக் கோட்டுக்குள் புகுந்துகொண்டு, பெரிய டொக்டரம்மா மாதிரி கதிரையில் உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"உடுத்துக்கொண்டு வாரும், போவம்" என்றேன்.

"நீங்கள் போங்கோ. நான் பாத்திட்டுத்தான் வருவன்."

நான் மட்டும் எங்கே போவது? மூவரும் இருந்தோம். ஃபிளாஸ்கில் இருந்த தேநீரையும் குடித்து முடித்தோம். வெயில் சாயும்போது சுபானி கூண்டுக்குள் கைவிட்டு இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மூன்று இனங்களில் அடிப்பக்கம் முழுக்க ஈ. அவள் சொன்ன இனத்தில், இடம் மாறியும், ஒன்றுமில்லை. பிள்ளை நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்நேரம் தியாகராசா அண்ணையின் மனைவி போன் எடுத்தாள், ஏன் இன்னும் காணவில்லை என்று கேட்டு.

"குறை நினையாதேங்கோ அக்கா, இண்டைக்கு வர ஏலாது" என்றாள் ஜெயமலர். "என்ர பிள்ளை சொன்னது சரியெண்டு இப்பதான் கண்டனாங்கள். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருக்கப்போறம்."