மாலை கழற்றிய நாள்

மலைக்குப் போன சாமிகள் மண்ணூர் கூட்டுரோட்டில் வந்து இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. சந்திரம்மாள் வாசல் தெளித்து, தேங்காயும் கற்பூரமும் எடுத்துவைத்து, காய்ச்சாத பாலை ஒரு சொம்பு நிறைய ஊற்றி வைத்துக்கொண்டு நின்றாள். போல்ட் கம்பெனி கேட்டுக்கு எதிரே வடை போடுகிறவள் அவள். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. சரணம் சொல்லிக்கொண்டு வந்த கூட்டத்தில் கடைசி ஆளாக அவள் புருஷன் சுப்பராயன் வந்தான். தாடி மார்பைத் தொட்டது. உள்ளங்கால் வெடித்து, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல நடந்து வந்தான். "ஆளே மாறிட்டான்மா உன் வூட்டுக்காரன். நீ பண்ண புண்ணியம்" என்று பக்கத்து வீட்டு லீலா சொன்னாள். புண்ணியம் என்கிற சொல் சந்திரம்மாளுக்கு இப்போதெல்லாம் செரிப்பதில்லை.

மாலை போட்டால் குடிக்கக் கூடாது. கழற்றினால் குடிக்கலாம். ஊரில் இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. கார்த்திகை பிறந்ததும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தெருவே அதிரச் சரணம் சொல்கிறவர்கள், மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டிய கையோடு கறுப்பு வேட்டியை அவிழ்த்துப் போட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு பெங்களூர் ரோட்டு ஒயின்ஷாப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். அத்தனை நாள் பட்டினி கிடந்த சாமிக்கும் சேர்த்துக் குடிக்கிற வேகம் அது. பெண்டாட்டிமார்களும் பெரிதாகச் சண்டை போடமாட்டார்கள். விரதம் இருந்த வரைக்கும் லாபம் என்று நினைத்துக்கொள்வார்கள். சந்திரம்மாளால் அப்படி நினைத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் சுப்பராயன் குடிகாரனாகப் பிறந்து வளர்ந்தவன் இல்லை. போன மே மாதம் வரைக்கும் அவன் சாராயத்தை மோந்து பார்த்ததுகூடக் கிடையாது. வேன் டிரைவர்கள் எல்லாம் அவனை 'மோர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த ராத்திரி, ஆட்களைக் கூட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போன வேன்களில் அவன் ஓட்டிய மெட்டடாரும் ஒன்று. வெடித்த பிறகு அடிபட்டவர்களை அதே வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். திரும்பி வந்தபோது விடியப் போகிற நேரம். வேனின் உள்தரை முழுக்க ரத்தம். அவனும் சந்திரம்மாளுமாக ஏரிக்கரைக்கு வேனைக் கொண்டுபோய்த் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். அவன் சட்டையை அவள் அடுப்பில் போட்டாள். பொழுது விடிந்து ஊரெல்லாம் போலீஸ் ஜீப் ஓடத் தொடங்கியது. அந்த இடத்தில் இருந்தேன் என்று வாயை விட்டவனையெல்லாம் விசாரணைக்குக் கூட்டிப்போகிறார்கள், போனவன் எப்போது வருவான் என்று தெரியாது என்று பேச்சு. சுப்பராயன் திக்கித் திக்கி எதையோ சொல்ல வந்தபோது சந்திரம்மாள் அவன் வாயைத் தன் கையால் பொத்தினாள். "நீ அங்க போவவே இல்ல. யாருகிட்டயும் மூச்சு வுடாத. என்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

அவன் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவளுடைய அண்ணன் இராமச்சந்திரன்தான் வந்து பார்த்துவிட்டு, பொணம் தூக்குகிறவனுக்கு ஒரு கிளாஸ் உள்ளே போனால்தான் அந்த வாடை இறங்கும், நம்ம பக்கம் காலங்காலமாக அப்படித்தானே கொடுக்கிறோம் என்று சொல்லி ஒரு பாட்டில் சாராயம் வாங்கி வந்தான். அது நிஜம்தான். சாவு வீட்டில் பாடை தூக்குகிறவர்களுக்கு, குழி வெட்டுகிறவர்களுக்கு, கொடுப்பது உண்டு. அவளும் பார்த்து வளர்ந்ததுதான். சுப்பராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள்தான் டம்ளரில் ஊற்றி, தலையைப் பிடித்து, "மருந்துன்னு நெனச்சிக் குடிச்சிடுய்யா" என்று கெஞ்சினாள். குடித்தான். அன்றைக்கு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான். அவன் தூங்குவதைப் பார்த்து அவள் சாமிக்குச் சூடம் கொளுத்தினாள். அந்தச் சூடத்தை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஆடி பிறக்கிற சமயம் அரசாங்கம் சாராயக் கடைகளை மூடியது. அதற்குள் அவன் கடை இல்லாமலே வாங்கிக் குடிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். வேனைப் புளியமரத்தில் மோதினான். ஓனர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். போல்ட் கம்பெனியில் லேத் ஓட்டுகிற நரசிம்மன் குருசாமிதான் அவனைப் பிடித்து உட்காரவைத்து மாலை போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குடி போனதோடு அவன் தூக்கமும் போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கண்ணை மூடினால் அலறி எழுந்து வெளியே போய், மார்கழிப் பனியில் வெறும் உடம்போடு நின்றுகொண்டிருப்பான். "சாமி, உள்ள வாங்க சாமி" என்று கூப்பிடுவாள். மாலை போட்டவனை நீ, வா, போ என்று சொல்லக்கூடாதே. ஒருநாள் அவன் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத் தூங்கினால்தான் என்ன என்று நினைத்தும்விட்டாள். நினைத்ததற்குத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

தாய் இருந்தால் தாய் கழற்றுவாள். சுப்பராயனுக்குத் தாய் இல்லை. குருசாமி தேங்காயை வாசலில் உடைத்துவிட்டு உள்ளே வந்து, சுவாமி படத்துக்கு முன்னால் அவனை நிற்கவைத்து மாலையில் கை வைத்தார். சுப்பராயன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும் சாமி."

"மலைக்குப் போய்ட்டு வந்தப்பறம் போட்டுக்கினு இருக்கக் கூடாது சாமி. வெரதம் முடிஞ்சிபோச்சி."

"முடிஞ்சிபோச்சின்னா ராத்திரிக்கி நான் இன்னா பண்றது?"

குருசாமி சிரித்துவிட்டார். குடியைப் பற்றித்தான் பேசுகிறான் என்று நினைத்து, மனசு வைத்தால் முடியாதது இல்லை, பகவான் மேலே பாரத்தைப் போடு என்று சமாதானம் சொன்னார். நல்ல மனுஷர். சொல்லிக்கொண்டே மாலையைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார். சுப்பராயனின் கழுத்தில் மாலை கிடந்த இடம் வெளுத்திருந்தது. அடுத்த சாமியின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அவர் டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

சுப்பராயன் கறுப்பு வேட்டியை மாற்றினான். சட்டை தேடினான். அவள் சோறு போட்டாள். இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவினான். தெருவிலிருந்து இராமச்சந்திரனின் குரல் கேட்டது. அவனும் காலையில் வந்து இறங்கிய சாமிதான், இப்போது மாலை இல்லை.

"சுப்பராயா, வரியா? பசங்கல்லாம் ரோட்டாண்ட நிக்கறாங்க."

சுப்பராயன் எழுந்தான். சந்திரம்மாள் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள். கையைக் காலைப் பிடித்து நிறுத்தலாம், குடிக்காதே என்று சத்தியம் வாங்கலாம், அதெல்லாம் ஆடி மாதத்திலேயே செய்து பார்த்தாகிவிட்டது. என்ன கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை மாதமாகத் தெரியும். கேட்டால் கேட்டதைச் சுமக்கவேண்டுமே என்கிற பயத்தில்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அன்னிக்கி வேன்ல இன்னா நடந்துச்சிய்யா? எனுக்குச் சொல்லு."

"நீதான சொல்லாதன்ன."

"நான்தான் சொன்னேன். புத்தி கெட்டுப் போயி சொன்னேன். இப்பக் கேக்கறேன்."

சுப்பராயன், அவள் வடை மாவு ஆட்ட உட்காருகிற முக்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தான்.

"ஒரு பொண்ணு. தாவணி கட்டிக்கினு இருந்தா. பின்னாடி எடம் இல்லன்னு எனுக்குப் பக்கத்துல குந்த வெச்சிட்டாங்க. மேல ஒரு காயம்கூடத் தெரியல. பேரு கேட்டேன். பாஞ்சாலின்னா. பள்ளத்துல எறங்கி ஏறும்போதெல்லாம் என் சட்டையப் புடிச்சிக்கினு, 'மெதுவா போண்ணா, வலிக்குதுண்ணா'ன்னா. பின்னாடி கீறவங்க சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னு கத்தறாங்க. நான் மெதுவா போனேன். அவ சொன்னாளேன்னு மெதுவா போனேன்."

சந்திரம்மாள் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில எறக்கறப்போ டாக்டரு கையப் புடிச்சிப் பாத்தாரு. இப்பத்தான் போயிருக்கு, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னாரு. என்னத் திட்டல. சும்மாதான் சொன்னாரு."

உன் தப்பு இல்லை என்கிற வார்த்தை அவள் நாக்குநுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவன் வாயை மறுபடியும் பொத்துவதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. விழுங்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில ஊர வெசாரிச்சிக்கினு அவுங்க அம்மாவத் தேடிப் போயி சொல்லலாம்னு கெளம்பினேன்" என்றான் சுப்பராயன். "கடைசியா இன்னா சொன்னா, யாரு பக்கத்துல இருந்தா, ஒண்ணும் தெரியாதே அந்தம்மாவுக்கு. அப்பறம், நான் அங்க போவவே இல்லையேன்னு திரும்பிட்டேன்."

அவள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். தன் புருஷனை மட்டும்தான் ஊமையாக்கினோம் என்று நினைத்திருந்தாள். எங்கேயோ ஒரு ஊரில் இன்னொருத்தியின் வாசலையும் அல்லவா அடைத்திருக்கிறாள். இந்தப் பாவத்தை எந்த மலை ஏறி இறக்குவது?

"எந்த ஊராம்?" என்று கேட்டாள்.

"சொல்றதுக்குள்ள பேச்சு நின்னுபோச்சி."

"அப்பால?"

போல்ட் கம்பெனியில் ஷிப்டு முடிந்த சங்கு ஊதியது. ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளுடைய கடைப் பக்கம் வந்து, அடுப்பு பற்றவைக்காததைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். தெருவில் இராமச்சந்திரன் மறுபடியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சுப்பராயன் வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேச்சிலேயே வேனை முதலிலிருந்து, கூட்டத்துக்குள்ளிருந்து, திரும்பவும் கிளப்பினான். வழியில் வந்த ஒவ்வொரு பள்ளத்தையும் சொன்னான். இந்தத் தடவை அவன் மெதுவாகப் போகவில்லை. சொல்லச் சொல்ல அவனுடைய வெடித்த வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்தியது, இன்னும் இன்னும் அழுத்தியது, தரையில் ரத்தம் கசிந்தது. சந்திரம்மாள் அந்தக் காலைப் பார்த்தபடியே, "ஓட்டுய்யா, நானும் கூடத்தான் கீறேன்" என்றாள்.