பூத்துக்காரியின் முகம்

தர்மனுக்கு மோட்டார் வைண்டிங் தொழில். லெப்பைக்குடிக்காடு கடைவீதியில் நடுவே பலகைத் தடுப்பு போட்ட ஒரு கடை. உள்பக்கம் உட்கார்ந்து, எரிந்துபோன பம்பு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுவான். வாசல்பக்கம் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. போன் பூத். அதை அவன் மனைவி சுகன்யா பார்த்துக்கொண்டாள்.

தொண்ணூற்றெட்டில் அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ குவைத்திலோ இருந்தார்கள். பூத்துகளுக்கும் குறைவில்லை. ஆனாலும் கூட்டமெல்லாம் சுகன்யாவிடம்தான். காரணம் அவள் முகம். போன் பேசிவிட்டு வருகிறவர் என்ன மனநிலையில் வருகிறாரோ, அது அப்படியே அவள் முகத்திலும் வந்துவிடும். குவைத்திலிருக்கும் மகனிடம் பேசிவிட்டுக் கலங்கி வருகிற குல்சும் அம்மாவைப் பார்த்தால் இவள் கண்ணும் நிறையும். நல்ல சேதி என்றால் இவள் சிரிக்கிற சிரிப்பில், அந்தச் சேதி இன்னொரு தடவை வந்ததுபோல் இருக்கும் அவர்களுக்கு.

அந்தக் கோடையில் சவூதியிலிருந்து காமில் லீவில் வந்தான். இருபத்தைந்து வயது, கலகலப்பான பையன். கம்பெனிக்குப் போன் போட தினமும் வருவான். லைன் கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, ரூமில் ஆறு பேர் சேர்ந்து மீன் குழம்பைத் தீய வைத்த கதையைச் சொல்வான். சுகன்யா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தர்மனுக்குச் சுற்று எண்ணிக்கை தவறியது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினான். மறுநாளும் தவறியது. பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் தன்னைப் பார்த்து இவள் இப்படிச் சிரித்தது எப்போது? யோசித்துப் பார்த்தான், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டுவிட்டான்.

"அவங்கிட்ட என்ன அப்புடிப் பல்லக் காட்டிக்கிட்டு?"

"எவங்கிட்ட?"

"அதான், அந்த காமிலுகிட்ட."

"வர்றவங்களப் பாத்து சிரிக்காம, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கவா?"

"ஆமா. வச்சுக்க."

மறுநாள் காலையிலிருந்து சுகன்யா அவன் சொன்னபடியே செய்தாள். காமிலுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். நம்பர் போட்டுக் கொடுப்பாள், பில்லைக் கிழித்து நீட்டுவாள், அவ்வளவுதான். வீட்டில் தர்மனுக்குச் சோறு போடும்போதும் அதே முகம்.

காமில் ஒருநாள் ஏதோ கதையை ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான். அப்புறம் வரவில்லை. தர்மனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வாரம் ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை.

அடுத்த வாரம் குல்சும் அம்மா வந்தார். மகன் இந்தப் பெருநாளுக்கும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். போனை வைத்துவிட்டுத் தள்ளாடியபடி வந்து சுகன்யா எதிரில் நின்றார். தர்மன் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தான். சுகன்யாவின் இடதுகை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வலதுகை பில்லை நீட்டியது.

"ஏம்மா, எம்மேல எதும் கோவமா? நான் எதும் தப்பாப் பேசிட்டனா?"

"அதெல்லாம் இல்லங்கம்மா."

குல்சும் அம்மா அந்த வார்த்தையை நம்பவில்லை, முகத்தைத்தான் நம்பினார். அதன்பின் அவர் வரவில்லை. அவர் தெருக்காரப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒரு மாதத்தில் பெஞ்சு காலியானது.

கம்பிச் சுற்றுக்குப் பூச வார்னிஷ் வாங்கப் போன தர்மன், பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஆண்டவர் என்பவருடைய பூத்தைப் பார்த்தான். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. குல்சும் அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். காமில், வழுக்கைத் தலை ஆண்டவரிடம் அதே மீன் குழம்புக் கதையைச் சொல்லி, அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தான். ஆண்டவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். இந்தப் பையன் யாரிடமும் இப்படித்தான் என்று தர்மனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. நம் கடையில் இருக்க வேண்டிய சிரிப்பெல்லாம் இங்கே இருக்கிறதே என்று வயிறு இப்போது ஆண்டவர்மேல் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னான்: "நாளைலேர்ந்து பழையபடி சிரிச்சுப் பேசு."

"யார் யார்கிட்டன்னு சொல்லுங்க. எவ்வளவு நேரம்னும் சொல்லிடுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒஞ்சிரிப்பு எல்லாருக்கும் கெடைக்குது. எனக்கு மட்டும் கெடைக்கல சுகன்யா."

ஒரு மாதமாக இறுகியிருந்த அவள் முகம் லேசாக இளகியது. "பலகைக்கு அந்தாண்டேர்ந்து மொறச்சுக்கிட்டே இருக்கீங்க. மொறைக்கிற மூஞ்சியப் பாத்தா எப்புடிங்க சிரிப்பு வரும்? பயந்தான் வருது."

மறுநாள் காலையில் தர்மன் குல்சும் அம்மா வீட்டு வாசலில் போய் நின்றான். "அவளுக்கு உங்கமேல ஒண்ணும் கோவமில்லம்மா. நாந்தான் சிரிக்கக்கூடாதுன்னுட்டேன்."

"சிரிக்கிறதுக்குக்கூட உங்கிட்ட உத்தரவு வாங்கணுமாப்பா?" என்றார் அவர். மதியம் அவர் பூத்துக்கு வந்தார். சுகன்யா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வராத அழுகை இருவருக்கும் இப்போது வந்தது.

அவர் போனபின் தர்மன் தடுப்பைச் சுற்றிவந்து வாசல்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தான். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உதட்டை இழுத்துப் பார்த்தான்.

"என்னங்க, பல்லு வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினான். சுகன்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வெளியே பைக் வந்து நின்றது. காமில். குல்சும் அம்மா சொல்லியிருக்க வேண்டும். சுகன்யாவின் சிரித்த முகம் அப்படியே வாசல் பக்கம் திரும்பியது. தர்மனின் வயிற்றில் பழைய எரிச்சல் தலைகாட்டியது. அதை விழுங்கிக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"வாப்பா, உக்காரு" என்றான். "அது என்ன மீன் குழம்பு கத?"